அடுப்பு எரிந்தால் படி விளக்கு எரிகிறது, அணைத்தால் எரிவதில்லை: எக்ஸ்10 உதவி தேவை

மாடிவீடு:

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு வாங்கிய பழைய வீடு. முன்பு இருந்தவர் எக்ஸ்10 போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். புது ஒயர் எதுவும் இழுக்காமல், வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளை போய் விளக்கை எரியவைக்கும் ஏற்பாடு.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ராத்திரி எழுந்தால் சுவிட்சைத் தேடி இருட்டில் நடக்க முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரிமோட்டை அழுத்தினால் நடைவழி, படி, குளியலறை விளக்குகள் எரியும். ரிமோட்டின் சிக்னலை வாங்கி மின்கம்பியில் ஏற்றும் பெட்டி கீழே ஹாலில், ஒரு பிளக் பாயின்டில் இருக்கிறது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன குளிர்காலத்திலிருந்துதான் தொல்லை. ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. போன வாரம் படி விளக்கு எரியாமல் இருட்டிலேயே இறங்கி, கடைசிப் படியில் அம்மாவுக்குக் கால் தவறிவிட்டது. கைப்பிடி கையில் இருந்ததால் விழவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ரிமோட் பேட்டரி மாற்றினேன். ஹாலில் இருக்கும் பெட்டியைப் புதிதாக வாங்கினேன். கட்டளையை வாங்கி விளக்கைப் போட்டு அணைக்கும் மாட்யூல்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினேன். பக்கத்து வீட்டு சிக்னலோ என்று, எக்ஸ்10-ல் ஒரு வீட்டுக்கு அடையாளமாக வைக்கும் வீட்டு எழுத்தை ஏ-யிலிருந்து எஃப்-க்கு மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை.

அம்மா மட்டும் ஒன்று சொல்கிறார்: "நான் அடுப்புல ஏதாவது வெச்சிருக்கும்போது நல்லா எரியுது. எல்லாம் முடிச்சுட்டுப் படுக்கப் போனா எரிய மாட்டேங்குது." முதலில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அப்புறம் நானே நான்கு நாள் கவனித்தேன். அவர் சொல்வது சரிதான். எங்கள் வீட்டில் மின்அடுப்பு. அடுப்புக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

வேகநடை:

எக்ஸ்10 ரொம்பப் பழைய முறை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வைஃபை சுவிட்ச் போடுங்கள். அம்மா பாதுகாப்பு முக்கியம், இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மாடிவீடு:

அதையும் யோசித்தேன். படி விளக்கின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், பெரும்பாலான வைஃபை சுவிட்சுக்கு வேண்டிய நியூட்ரல் கம்பியே அதில் இல்லை என்றார். சுவரை உடைக்க வேண்டிவரும். அதோடு இந்த ரிமோட் அம்மாவுக்குக் கை பழகியது. கண்ணாடி போடாமலே எந்தப் பொத்தான் எது என்று தெரியும். முடிந்தவரை இதையே சரிசெய்யப் பார்க்கிறேன்.

பழைய ஒயர்மேன்:

உங்கள் அம்மா சொன்ன ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அமெரிக்க வீடுகளுக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று கம்பி வரும். நடுவில் நியூட்ரல், இரண்டு பக்கமும் இரண்டு லெக். நியூட்ரலுக்கும் ஒரு லெக்குக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு லெக்குக்கும் இடையே 240. பல்பும் பிளக் பாயின்டும் ஏதாவது ஒரு லெக்கில் இருக்கும். மின்அடுப்பு, ஓவன், துணி உலர்த்தும் மெஷின் மாதிரி பெரிய சாமான்கள்தான் இரண்டு லெக்கையும் தொட்டுக்கொண்டு 240-ல் ஓடும்.

எக்ஸ்10 கட்டளை என்பது 120 கிலோஹெர்ட்ஸ் அலையின் சின்னச் சின்னத் துடிப்புகள். ஒவ்வொன்றும் 1 மில்லிசெகண்ட். மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கிற நேரம் பார்த்து அனுப்புவார்கள், அப்போதுதான் கம்பியில் இரைச்சல் குறைவு. உங்கள் ஹால் பெட்டி ஒரு லெக்கில் இருக்கிறது, படி விளக்கு இன்னொரு லெக்கில் இருக்கிறது என்று வையுங்கள். சிக்னல் பேனலை, அதாவது பிரேக்கர் பெட்டியைத் தாண்டி, தெரு டிரான்ஸ்ஃபார்மர் வரை போய், அதற்குள் நுழைந்து, அடுத்த லெக் வழியாக வீடு திரும்ப வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 120 கிலோஹெர்ட்ஸை அவ்வளவு சுலபமாக விடாது. திரும்பி வருவது கொஞ்சநஞ்சம்தான்.

அம்மா அடுப்பைப் போட்டதும் என்ன ஆகிறது? அடுப்பின் காயில், அதாவது சூடேறும் கம்பிச்சுருள், இரண்டு லெக்குக்கும் நடுவே ஒரு பாலமாகிவிடுகிறது. சிக்னல் தெருவுக்குப் போகாமல் சமையலறை வழியாகவே குறுக்கே கடந்துவிடுகிறது. அடுப்பை அணைத்தால் பாலமும் போயிற்று. இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள், சூட்டைக் குறைத்து வைத்தால் விளக்கு சில சமயம் எரியும், சில சமயம் எரியாது. இந்த அடுப்புகளில் சூடு குறைப்பது என்றால் காயிலை விட்டு விட்டுப் போடுவதுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். அடுப்பு, ஓவன், உலர்த்தும் மெஷின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு விளக்கையும் பத்துத் தடவை போட்டு அணைத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஓவனைப் போட்டுவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். மூன்றாவதாக, ஹால் பெட்டியைக் கழற்றி அடுத்த லெக்கில் இருக்கும் பாயின்டில் மாட்டுங்கள். சொன்னபடி கேட்கிற விளக்கும் கேட்காத விளக்கும் இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம். எந்த பிரேக்கர் எந்த லெக் என்பதற்கு: பெரும்பாலான பேனல்களில் ஒரே வரிசையில் இடமும் வலமும் இருப்பவை ஒரு லெக், அதற்குக் கீழ் வரிசை அடுத்த லெக், இப்படி மாறி மாறி வரும். கதவைத் திறந்து எண்ணைப் பார்த்தால் போதும். உள் மூடியைக் கழற்றாதீர்கள்.

பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு எண்ணுங்கள். முகவரி இரண்டு முறை, கட்டளை இரண்டு முறை என்று முழுதும் போய்ச் சேர 47 சுழற்சி, அதாவது முக்கால் நொடிக்கு மேல் ஆகும். எரியவில்லையே என்று படபடவென்று அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று மோதி எல்லாமே கெட்டுப்போகும்.

மாடிவீடு:

ஐயா, ரொம்ப நன்றி. செய்து பார்த்தேன்.

எல்லாம் அணைத்திருந்தபோது நடைவழி விளக்கு பத்துக்குப் பத்து. படி விளக்கு பத்துக்கு மூன்று. குளியலறை பத்துக்கு ஒன்று. ஓவனைப் போட்டதும் நடைவழி பத்து, படி ஒன்பது, குளியலறை ஆறு. பெட்டியை மாற்றி மாட்டியபோது படி விளக்கு பத்துக்குப் பத்து எரிந்தது, நடைவழி இரண்டுக்கு இறங்கிவிட்டது! ஆனால் குளியலறை அப்போதும் ஆறுதான்.

அம்மாவிடம் "நீங்க சொன்னதுதாம்மா காரணம்" என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

இரண்டு கேள்வி. முதல் இரண்டு வருடம் எப்படி ஒழுங்காக வேலை செய்தது? குளியலறை மட்டும் ஏன் தனி வழியில் போகிறது?

பழைய ஒயர்மேன்:

நல்ல கேள்வி. லெக் விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. பேனலில் ஒரு சிக்னல் கப்ளர் போட வேண்டும். இரண்டு லெக்குக்கும் நடுவே 120 கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் வழிவிட்டு, 60 ஹெர்ட்ஸைத் தடுத்து நிறுத்தும் சின்னச் சாதனம். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் சுருளும்தான். அதனாலேயே சிலர் கையில் கிடைத்த கெப்பாசிட்டரை இரண்டு லெக்குக்கும் நடுவே வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 240 வோல்ட் எந்நேரமும் நிற்கிற இடம் அது. சாதாரண கெப்பாசிட்டர் வெடித்துத் தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த கப்ளரை, இரண்டு லெக்கையும் சேர்த்து அணைக்கும் இரட்டைத் துருவ பிரேக்கர் ஒன்றுக்குப் பின்னால், உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் மாட்டட்டும். மெயினை அணைத்தாலும் மீட்டர் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த இரண்டு வருடமும் தெருவைச் சுற்றி வந்த கொஞ்ச சிக்னலே போதுமானதாக இருந்திருக்கிறது. பெட்டி அனுப்புவது சுமார் 5 வோல்ட். மாட்யூலுக்கு 0.1 வோல்ட் அளவு வந்தால் போதும். விளிம்பில் ஓடிக்கொண்டிருந்ததை ஏதோ ஒன்று கீழே தள்ளிவிட்டது. போன குளிர்காலத்தில் வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது? கம்ப்யூட்டர், டிவி, யூபிஎஸ், எல்இடி பல்பு, சார்ஜர், சர்ஜ் ஸ்ட்ரிப், எதுவானாலும் சொல்லுங்கள்.

இருமுனை:

நான் டொராண்டோ. எங்களுக்கும் இதே மூன்று கம்பி ஏற்பாடுதான். எல்இடி பற்றி ஒரு வார்த்தை. பழைய எக்ஸ்10 சுவர் டிம்மருக்கு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) நியூட்ரல் கிடையாது, தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்பு வழியாகவே இழுக்கும். அந்தக் காலத்து 60 வாட் பல்புக்கு அது சரி. 9 வாட் எல்இடி போட்டால் மினுக்கும், அல்லது டிம்மர் கட்டளையே கேட்காது. படி விளக்கில் என்ன பல்பு?

மாடிவீடு:

படியில் இன்னும் பழைய பல்புதான், அது அப்படியே இருக்கிறது. நடைவழியிலும் அதுவே.

ஆனால் ஐயா கேட்டதும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. போன டிசம்பரில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. மின்சாரம் போனால் மீட்டிங் துண்டிக்கக் கூடாது என்று மேஜைக்கடியில் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தேன். என் அலுவலக அறையும் குளியலறை விளக்கும் ஒரே பிரேக்கரில் இருக்கின்றன!

பழைய ஒயர்மேன்:

அதுதான். குற்றவாளிகள் இரண்டு வகை. ஒன்று இரைச்சல் போடுவது, இன்னொன்று சிக்னலைக் குடிப்பது. யூபிஎஸ் பெரும்பாலும் இரண்டாவது. அதன் வாயிலேயே லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே கெப்பாசிட்டர் இருக்கும். வெளியே இரைச்சல் போகாமல் தடுக்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் 120 கிலோஹெர்ட்ஸ் வந்தால் அதற்கு அது ஒரு திறந்த மடை. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரை வரப்பிலேயே உறிஞ்சிவிடும். சாதனத்தில் பழுது ஒன்றும் இல்லை.

உறுதிசெய்ய யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அணைத்தால் போதாது. பிளக் சுவரில் இருக்கும்வரை கெப்பாசிட்டர் லைனில்தான் இருக்கிறது. இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பிடுங்கியதும் குளியலறை விளக்கு பத்துக்குப் பத்து வந்தால், பிளக்கில் மாட்டுகிற எக்ஸ்10 ஃபில்டர் ஒன்று வாங்கி அதன் வழியாக யூபிஎஸ்ஸை மாட்டுங்கள். ஃபில்டரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சின்னவை 5 ஆம்பியர்தான் தாங்கும். அதில் ஹீட்டரையோ லேசர் பிரிண்டரையோ சேர்த்து மாட்டிவிடாதீர்கள்.

யூபிஎஸ் இல்லை என்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து எதில் குணம் தெரிகிறது என்று பாருங்கள். அந்த சர்க்யூட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஆள் மாட்டிக்கொள்ளும்.

வேகநடை:

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம் ஐயா: விளக்கு எரியவில்லை என்றால் பெட்டியே தெரிந்துகொண்டு மறுபடி அனுப்பாதா?

பழைய ஒயர்மேன்:

அனுப்பாது தம்பி. இது 1975-ல் ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தஸ் என்ற ஊரில், பிகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி உருவாக்கியது. இந்தச் சாதாரண மாட்யூல்கள் கேட்கும், பதில் பேசாது. நாம் தபால் பெட்டியில் கார்டு போடுகிற மாதிரி, போட்டதோடு சரி. பதிவுத் தபாலுக்குத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை இதில் இல்லை. 2005-ல் வந்த இன்ஸ்டியான் அதைச் சேர்த்தது. கம்பியிலும் ரேடியோவிலும் பேசும், ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும். எக்ஸ்10-ல் அந்த வசதி இல்லாததால் கம்பியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

மாடிவீடு: (ஒன்பது நாள் கழித்து)

யூபிஎஸ்ஸைப் பிடுங்கிய அன்றே குளியலறை விளக்கு ஓவன் போட்டிருக்கும்போது பத்துக்குப் பத்து. ஓவன் அணைத்திருந்தால் ஏழு. அதை ஃபில்டர் வழியாக மாட்டினேன், அதே எண்ணிக்கை. நேற்று எலெக்ட்ரீஷியன் வந்து கப்ளர் போட்டார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அடுப்பு, ஓவன், உலர்த்தும் மெஷின் எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொரு விளக்கையும் நாற்பது தடவை போட்டுப் பார்த்தேன். நடைவழி நாற்பது. படி நாற்பது. குளியலறை முப்பத்தொன்பது.

அந்த ஒன்று தவறியபோது நான் இரண்டு எண்ணாமல் அழுத்தியிருக்கலாம். ஆனாலும் அம்மா விஷயத்தில் அந்த ஒன்றும் எனக்கு வேண்டாம். இன்னும் என்ன பார்க்கலாம்?

பழைய ஒயர்மேன்:

நாற்பதில் முப்பத்தொன்பது என்றால் கம்பி இப்போது நல்ல நிலையில் இருக்கிறது. மிச்சத்துக்கு இரண்டு வேலை. ஹால் பெட்டி ஏதாவது பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டியிருந்தால் நேராகச் சுவருக்கு மாற்றுங்கள். சர்ஜ் ஸ்ட்ரிப் பிறந்த இடத்திலேயே சிக்னலைத் தின்றுவிடும். அப்புறம், படியில் ஒரு சின்ன இரவு விளக்கை, இருட்டானால் தானே எரிகிற வகை, சும்மா பிளக்கில் மாட்டிவிடுங்கள். எக்ஸ்10 தவறினாலும் அம்மா காலடி தெரிய வேண்டும்.

மாடிவீடு:

பெட்டி ஸ்ட்ரிப்பில்தான் இருந்தது ஐயா, டிவிக்குப் பக்கத்தில். இப்போது சுவருக்கு மாற்றிவிட்டேன். இரவு விளக்கு வாங்கப் போகிறேன். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.