எல்எஸ்யு 2019 ஆட்ட முறை ஐவர் ஃபிளாக் ஃபுட்பாலுக்கு ஒத்துவருமா?

ஈசூன்வாசி:
வணக்கம். எங்கள் பாலிடெக்னிக் அணி ஐவர் ஃபிளாக் ஃபுட்பால் (ஆளை மோதி வீழ்த்தாமல், இடுப்புக் கொடியை உருவி நிறுத்தும் அமெரிக்கக் கால்பந்து) ஆடுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் என்றாலே 2019 லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) அணியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 15 ஆட்டம், 15 வெற்றி. அப்படி என்ன செய்தார்கள்? நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

தெம்பனிஸ்_திடல்:
குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜோ பர்ரோ 2018இல் வீசியது 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). 2019இல் 60, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிவு) ஆறே ஆறு. ஆள் அதே ஆள்தான், ஆட்ட முறைதான் மாறியது. செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து பயிற்சியாளர் ஜோ பிரேடி வந்து எல்எஸ்யு பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கருடன் சேர்ந்தபின், பந்து பிடிக்கக்கூடிய ஐவரையும் ஓடவிட்டார்கள். எறிபவரைக் காக்கும் தடுப்புக்கு முன்வரிசையில் ஐந்து லைன்மேன் மட்டும்.

கவனிக்க வேண்டியது ரன்னிங்பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) எட்வர்ட்ஸ்-ஹெலேர். அவரைப் பக்கக் கோட்டோரம் நிறுத்துவார்கள். எதிரணியின் லைன்பேக்கர் (நடுப்பகுதிக் காப்பாளர்) பின்னாலேயே போனால் எதிரணி ஆளுக்கு ஆள் காக்கிறது. அங்கே கார்னர்பேக் (ஓரக் காப்பாளர்) நின்றால் பெரும்பாலும் பகுதிக் காப்பு, அதாவது ஆளை அல்ல, இடத்தைக் காப்பது. பந்து கைக்கு வருமுன்பே பர்ரோவுக்கு விடை தெரிந்துவிடும்.

பீஷான்_பந்து:
ஐவர் ஆட்டத்தில் எட்வர்ட்ஸ்-ஹெலேரின் வேலையை சென்டருக்கு (பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர்) கொடுங்கள். பந்தைக் கொடுத்ததும் அவர் 5 யார்டு ஓடித் திரும்பட்டும். நடு ரிசீவர் (பந்து பிடிப்பவர்) 10, 12 யார்டில் குறுக்கே வெட்டட்டும். மற்ற இருவரும் ஓரங்களில். பந்து வருமுன் ஒருவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடத்திப் பாருங்கள். காப்பாளர் கூடவே வந்தால் ஆளுக்கு ஆள்.

புது அணிகள் தடுமாறுவது ஓர் இடத்தில்தான்: சென்டரும் நடு ரிசீவரும் ஒரே ஆழத்தில் போய் நிற்பார்கள், ஒரே காப்பாளர் இருவரையும் மடக்கிவிடுவார். குறைந்தது 5 யார்டு இடைவெளி வேண்டும். பிளிட்சர் (எறிபவரை நோக்கிப் பாயும் எதிரணி ஆள்) 7 யார்டு தள்ளி நின்றாலும் சட்டென்று வந்துவிடுவார், தடுக்கவும் அனுமதியில்லை. ஆகவே முதல் பார்வை சென்டர் மேல். மழையில் நனைந்த திடலில் கூர்மையான வெட்டு வழுக்கும், வளைந்து ஓடச் சொல்லுங்கள்.

காலாங்_கரை:
முறையை மட்டும் புகழ்வது சரியல்ல. எல்எஸ்யுவின் அந்த ஐவர் தடுப்பு லைன் அந்த ஆண்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது பெற்றது. ரிசீவர்கள் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜமார் சேஸும்! பர்ரோவும் பிரேடியும் போன மறு ஆண்டு அதே எல்எஸ்யு 5 வெற்றி, 5 தோல்வி. ஆனால் தடம் அழியவில்லை: பர்ரோ, சேஸ் இணை பின்னர் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியை சூப்பர் பவுலுக்கே (தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம்) கொண்டுபோனது.

முதலில் டெக்சஸ் ஆட்டம் (45-38) பாருங்கள். கடைசி நிமிடங்களில் மூன்றாம் முயற்சி, 17 யார்டு தேவை. எதிரணி பிளிட்ஸ், அதாவது கூடுதல் ஆட்கள் எறிபவரை நோக்கிப் பாய்கிறார்கள். பர்ரோ இடப்பக்கம் ஓரடி நகர்ந்து, ஆட்கள் விட்டுவந்த இடத்துக்கே எறிகிறார். ஜெஃபர்சன் பிடித்து 61 யார்டு டச்டவுன். அதன்பின் கிளெம்சனுடன் இறுதி ஆட்டம். 7-17 எனப் பின்தங்கி, 42-25 என வென்றார்கள்.

ஈசூன்வாசி:
நன்றி. சென்டர் 5, நடு ரிசீவர் 12 என்று இந்த சனிக்கிழமைப் பயிற்சியில் கூம்பு வைத்து ஓடிப் பார்க்கிறோம்.