பழைய ஃபேர் ஐல் ஸ்வெட்டர்: கைப்பின்னலா, மெஷினா? ஓட்டைகளை என்ன செய்வது?

நூல்கண்டு:
வணக்கம். ஏலத்தில் எடுத்த ஃபேர் ஐல் ஸ்வெட்டர் இது; ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான ஃபேர் ஐலின் பெயரில் வழங்கும் பலநிறப் பேட்டர்ன் பின்னல். "1920களில் ஷெட்லாந்தில் கையால் பின்னியது" என்று விற்றவர் எழுதியிருந்தார். லேபிள் இல்லை. வட்டமும் பெருக்கல் குறியும் மாறிமாறி வரும் வரிசைகள் உடல் முழுக்க ஓடுகின்றன. கீழ் விளிம்பருகே சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. விற்றவர் சொன்னதை எப்படிச் சோதிப்பது? உடனே துவைக்கலாமா?

இரட்டை_ஊசி:
முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

ஃபேர் ஐல் மரபில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான். பயன்படாத நிறம் பின்னால் குறுக்கே ஓடும். அந்த ஓட்டம் பெரும்பாலும் ஐந்து, ஏழு கண்ணிகளை (பின்னலின் வளையங்களை) தாண்டாது. தாண்டினால் விரல் மாட்டி இழுக்கும். உள்பக்கம் ஓடும் நூலே தெரியாமல், பின்னாலும் பொடிப்பொடியாகப் புள்ளிப் பின்னல் இருந்தால் அது ஆலை ஜாக்கார்ட், அதாவது மெஷினே பேட்டர்னோடு பின்னிய துணி.

அடுத்து விலாப்பக்கம். கையில் பின்னுகிறவர்கள் குழாய் போல வட்டமாகவே பின்னிக்கொண்டு போவார்கள். கைத்துளைக்குப் பின்னலையே கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். அதனால் விலாவில் தையல் இருக்காது, வட்டம் தொடங்கிய இடத்தில் பேட்டர்ன் ஒரு கண்ணி படியேறியிருக்கும். விலாவில் தையல் ஓடி, அங்கே பேட்டர்ன் முறிந்தால் மெஷினில் தனித்தனியாகப் பின்னித் தைத்த துண்டுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளிம்பு ரிப்பில் (மேடும் பள்ளமுமாக வரும் பட்டையில்) மேடான நேர்க்கண்ணி ஒரு நிறம், பள்ளமான மறுகண்ணி வேறு நிறம் என்றிருந்தால் கைப்பின்னல் என்பதற்கு நல்ல அடையாளம்.

ஒரு எச்சரிக்கை: கழுத்தைச் சுற்றி மட்டும் பேட்டர்ன் உள்ள பிற்கால ஷெட்லாந்து ஸ்வெட்டர்களில் உடல் மெஷினிலும், கழுத்து வட்டம் கையிலும் பின்னியது நிறைய உண்டு. அவை போலி அல்ல, ஆனால் முழுக் கைப்பின்னல் விலைக்கு வாங்கக் கூடாது.

கம்பளிப்பெட்டி:
வயதைப் பற்றி. வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்ட் 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் அணிந்து வந்தபிறகு இது பெரிய ஃபேஷன் ஆனது. அன்றிலிருந்து விற்பவர்களுக்கு எல்லாமே "1920கள்"தான்! 1588இல் ஃபேர் ஐல் தீவருகே உடைந்த ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் இந்தப் பேட்டர்னைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதையையும் கூடவே சொல்வார்கள். கப்பல் உடைந்தது உண்மை. மற்றதற்குச் சான்று இல்லை. இன்னொன்று: தூய கம்பளிக்கான வூல்மார்க் முத்திரை 1964இல்தான் வந்தது. அது தைத்திருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

உள்ளே தொங்கும் நூல்முனையில் துளி வெட்டி எரித்துப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

இரட்டை_ஊசி:
துவைப்பதற்கு அவசரம் வேண்டாம். அந்த ஓட்டைகள் அந்துப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். தின்பது பூச்சியல்ல, அதன் புழு.

பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டுக் குளிர் போகட்டும். இல்லையென்றால் ஈரம் கம்பளியில் படியும்.

பிறகு ஓட்டையைச் சுற்றியுள்ள திறந்த கண்ணிகளை மெல்லிய பருத்தி நூலில் கோத்துக்கொள்ளுங்கள். நனைந்த கம்பளிக்கு வலு குறைவு, கோக்காமல் துவைத்தால் ஓட்டை பெரிதாகும்.

நனைக்குமுன் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒட்டாவிட்டால் 30 டிகிரிக்கு மேல் போகாத நீர், என்சைம் இல்லாத கம்பளி சோப்பு. புரதத்தைச் சிதைக்கும் என்சைம் கம்பளியையும் சேர்த்தே தின்னும். கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கும், திரும்ப விரியாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, படுக்கைவாட்டில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தோள் இழுபடும்.

நூல்கண்டு:
நன்றி. விலாவில் தையல் இல்லை, பின்னால் நூல் ஓடுகிறது, ரிப் இருநிறம். ஆனால் முழங்கைப் பக்கம் ஒரே வரிசையில் மூன்று நிறம் தெரிகிறதே?

கம்பளிப்பெட்டி:
அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தடிப்பாக இருந்தால், தேய்ந்த கண்ணிகளின் மேலேயே யாரோ வேறு நூலை ஊசியில் ஓட்டிப் பழுதுபார்த்திருக்கிறார்கள். பிரிக்க வேண்டாம், அடியில் உள்ள நூல் இற்றுப் போயிருக்கும். உங்கள் ஓட்டைகளுக்கும் நூல் தேடும்போது 25 கிராமுக்கு 105 முதல் 115 மீட்டர் வரும் ஷெட்லாந்து நூலாகப் பாருங்கள். அதைவிடத் தடித்தால் பக்கத்துக் கண்ணிகளை நெருக்கும்.