புதுப்பிப்பு: இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கும் பழைய கார்புரேட்டர் கார் (தீர்ந்தது)

என் பழைய காரில் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் ஏன் மங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்குவது) இரண்டிலும் கோளாறு இல்லை. "எர்த் பக்கம் வோல்டேஜ் டிராப் பாருங்கள்" என்ற யோசனைதான் சரி. அதாவது, கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பது.

எஞ்சின் ஓட, லோ பீம் எரிய, பேட்டரியில் 14.0 வோல்ட்; பல்பு பின்னில் 11.2 மட்டுமே. பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு எர்த்துக்கும் இடையே 1.9 வோல்ட். 0.2-க்குள் இருக்க வேண்டியது. விளக்கை அணைத்துவிட்டு மீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவு) வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது, கரண்ட் ஓடும்போதுதான் தெரியும்.

ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கத் தகட்டில் உள்ள எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு. ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றுக்கும் அதுவே பொது எர்த். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, ஒயர் முனையில் புது ரிங் டெர்மினல் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அழுத்திப் பொருத்தி, முறுக்கியபின் மேலே வாசலின். டிராப் 0.05 ஆனது, மங்கலும் போனது.

எதிர்பாராதது: பாசிட்டிவ் பக்கத்திலும் சுமார் 1 வோல்ட் இழப்பு. இந்தக் காரில் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) கிடையாது. இரண்டு 55 வாட் பல்புகளின் 9 ஆம்பியரும் ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகவே போகிறது, கனெக்டர் உருகத் தொடங்கியிருந்தது. கனெக்டரை மாற்றி, லோ, ஹை பீமுக்குத் தனித்தனி ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டாயிற்று. இப்போது பல்பில் 13.7.