பிடரியில் பிளேட் வைப்பதா, வர்ம ஆசானிடம் போவதா?

குலசேகரத்து மகள்:
அம்மாவுக்கு நெடுநாளாக முடக்குவாதம். இப்போது பிடரி வலியோடு கையும் மரத்துப் போகிறது. ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். குனியவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் முதல் கழுத்தெலும்புக்கும் இரண்டாவது எலும்பின் முளைக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இடைவெளி. மண்டையோட்டையும் கழுத்தையும் பிளேட் (உலோகத் தகடு), ஸ்க்ரூ வைத்து இணைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் காட்டலாம் என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?

ரப்பர்காட்டுக்காரன்:
அவசரப்படாதே தங்கச்சி. கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அதைப் பூட்டினால் பூட்டியதுதான். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அம்மா உடம்போடு திரும்ப வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்த எலும்புகளை ஒட்டியே ஓடுகிறது, ஸ்க்ரூ விலகினால் என்ன ஆகும்? மரத்திலிருந்து விழுந்தவர்களையே நம் ஆசான்மார் எழுப்பி நடக்க வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அண்ணாச்சி, சுளுக்கு என்றால் நானே ஆசானிடம் போவேன். இந்தக் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கு அந்த இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முளையை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாரை முடக்குவாதம் அரித்துவிட்டது. எந்த எண்ணெயும் அதைத் திரும்ப முளைக்க வைக்காது. குனியும்போதெல்லாம் தண்டுவடம் நசுங்குகிறது; கொக்கி மாட்ட முடியாமல் போனது அதனால்தான் இருக்கும். இந்த நிலையில் ஒரு சொடுக்கு எடுத்தால் கைகால் விழுந்துவிடலாம், மூச்சே நின்றுபோகலாம். தள்ளிப்போட்டால் போன பலம் முழுதாகத் திரும்பும் என்றும் சொல்ல முடியாது.

ரப்பர்காட்டுக்காரன்:
சரி, கழுத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் மண்டையோட்டை ஏன் சேர்க்க வேண்டும்? முதல் இரண்டு எலும்புகளை மட்டும் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துப் பிணைக்கும் முறையை மும்பை டாக்டர் அதுல் கோயல் 1994-லேயே வெளியிட்டுவிட்டார். மண்டையோடும் சேர்ந்தால் தலையாட்டுவதும் பெரும்பாலும் போய்விடும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இது கேட்க வேண்டிய கேள்வி. முளை மேலேறி மண்டையோட்டுத் துவாரத்துக்குள் நுழைந்திருந்தாலோ, முதல் எலும்பு ஸ்க்ரூ தாங்காது என்றாலோ மண்டையோடு வரை போவார்கள். அம்மாவுக்கு எது என்று சி.டி. படத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தலையை எந்தக் கோணத்தில் நிறுத்துவார்கள் என்பதையும் கேளுங்கள். முகவாய் மேலே தூக்கி நின்றால் படி தெரியாது. கீழே அழுந்தினால் சோறு விழுங்கச் சிரமம். ஸ்க்ரூ தாங்கிப் பிடிக்க மட்டும்தான். இணைப்புக்காக நடுவில் வைக்கும் எலும்புத் துண்டு ஒட்டி வளரப் பல மாதம் ஆகும். ஆபரேஷனுக்காக முடக்குவாத மாத்திரைகளில் எதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபரேஷன் வரை கழுத்தில் காலர் பட்டை போடட்டும். பைக்கில் ஏற்றவே வேண்டாம், நம் ரோட்டுப் பள்ளம் ஒன்று போதும்.

ரப்பர்காட்டுக்காரன்:
இன்னொரு டாக்டரிடமும் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. அதில் நான் மாறமாட்டேன்.

குலசேகரத்து மகள்:
காட்டுகிறேன் அண்ணாச்சி. படங்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே காரில் திருவனந்தபுரம் போகிறோம். மாமாவிடம் ஆசான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா, காலர் போட்டபடி தலைக்குக் குளிப்பாட்டுவது எப்படி?