மீட்சியா, மீட்பா? ஐரோப்பிய ஊனுண்ணி வரைபடத்துக்குச் சொல் வேண்டும்
(மலேசியத் தமிழர் மடல் உரையாடல்; எழுதுபவர்கள் தம் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

ஆசிரியை, பட்டர்வொர்த்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஐரோப்பாவின் பெரிய ஊனுண்ணிகள் வரைபடத்தைத் தமிழில் போடுகிறோம். பழுப்புக் கரடி, ஓநாய், லின்க்ஸ் (குட்டை வால் காட்டுப்பூனை), வால்வரின் (நீர்நாய்க் குடும்பத்து வடபுல விலங்கு) என நான்கு. 10 கி.மீ.க்கு 10 கி.மீ. கட்டங்கள், நிலையாக வாழும் கட்டத்துக்கு அடர் நிறம், எப்போதாவது தென்படுவதற்கு வெளிர் நிறம். ‘பரவலும் மீட்சியும்’ என்ற தலைப்பு சரிதானா? நாளை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

செந்தூல்:
‘ஊனுண்ணி’யே இடிக்கிறது, அம்மா. 2014இல் வெளியான ஐரோப்பியக் கணக்கில் இந்த நான்கில் அதிகம் இருந்தது கரடி, ஏறத்தாழ 17,000. அது பழமும் கொட்டையும் தின்பது. சங்கப் பாட்டில் ‘வயப்புலி’ உண்டே! வயம் வலிமை. ‘வயவிலங்கு’ என்றால் கரடியும் அடங்கும்.

ஜோர்ஜ்டவுன்:
யானையும் அடங்கும், ஐயா. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ‘வயம்’ புரியாது. ‘பேரூனுண்ணி’ என்றும் சேர்க்க வேண்டாம், நிறைய ஊன் தின்பது என்று பொருள் மாறிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்:
எனக்கு உறுத்துவது ‘மீட்சி’. மீண்டது என்றால் தன்வினை, மீட்சி. மீட்டார்கள் என்றால் பிறவினை, மீட்பு. போலந்துப் பக்கமிருந்து ஓநாய் தானே நடந்து ஜெர்மனிக்கு வந்து 2000இல் குட்டி போட்டது, அது மீட்சி. சுவிட்சர்லாந்தில் லின்க்ஸை 1970களில் ஆட்கள் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுப்பது.

ஜோர்ஜ்டவுன்:
ஓநாய் மட்டும் தானாகவா வந்தது? ஐரோப்பிய வனவுயிர்களுக்கான 1979 பெர்ன் உடன்படிக்கை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிடச் சட்டம் எல்லாம் காத்ததால்தானே?

பிரிக்பீல்ட்ஸ்:
சட்டம் துப்பாக்கியைத் தடுத்தது. நடந்தது ஓநாய்தான்.

செந்தூல்:
‘மீட்பு’ என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தீயணைப்பு மீட்புப் படைதான் நினைவுக்கு வரும். லின்க்ஸுக்கு ‘மறுகுடியேற்றம்’ போதும். காண் காட்சி, மாண் மாட்சி, ஆள் ஆட்சி, மீள் மீட்சி: எவ்வளவு சீரான வரிசை! நீள் நீட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

ஆசிரியை, பட்டர்வொர்த்:
நன்றி. ‘பெரிய ஊனுண்ணிகள்: பரவலும் மீட்சியும்’ என்றே போகட்டும். ஆட்கள் கொண்டுவந்து விட்ட லின்க்ஸ் கட்டங்களில் மட்டும் ‘மறுகுடியேற்றம்’ என்று எழுதி, கரடி ஏன் இந்த வரிசையில் வருகிறது என்று அடிக்குறிப்பும் போடுகிறேன். அடுத்தது நம் மலாயாப் புலி. காட்டில் 150க்கும் குறைவு. அதற்கு ‘மீட்சி’ என்று இப்போது எழுத மனம் வரவில்லை.

செந்தூல்:
அச்சுக்குக் கொடுங்கள், அம்மா. புலி வரைபடத்திலாவது ‘வயவிலங்கு’ வர வேண்டும். அதை நான் விடப்போவதில்லை.