முதல் தடவை டிராக் ஸ்டிரிப்: எதைச் செய்தால் திட்டு விழும்?

கேஆர்புரம்_டிஎஸ்ஐ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரிலிருந்து மூன்று வண்டிகளில் டிராக் ரேஸ் (இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நேர்கோட்டில் கால் மைல் ஓடுவது) ஓட்ட, சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறோம். ஒரு போலோ 1.0 டிஎஸ்ஐ, ஒரு ஸ்விஃப்ட், ஒரு ஆர்எக்ஸ் 100 பைக். மூவருக்கும் இதுதான் முதல் தடவை. ஹெல்மெட், லைசென்ஸ் சமாச்சாரமெல்லாம் விதித்தாளில் படித்துவிட்டோம். அதில் எழுதாத விஷயங்கள்தான் உறுத்துகின்றன. வாட்டர் பாக்ஸுக்குள் (ஸ்டார்ட் லைனுக்கு முன்னால் டயரை நனைக்கிற இடம்) போக வேண்டுமா, வேண்டாமா? ஸ்டேஜ் பண்ணும்போது, அதாவது ஸ்டார்ட் லைனில் வண்டியைச் சரியாக நிறுத்தும்போது, யார் முதலில்? ஓடி முடித்ததும் எப்படித் திரும்புவது? பழகினவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஹலசூரு_402 எழுதியது:

தம்பி, ஸ்டிரிப்பில் திட்டு விழ அநேகமாக இரண்டே காரணம்தான்: லேனை நனைப்பது, நேரத்தைத் தின்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஈரத்தை முதலில் பார்ப்போம். வாட்டர் பாக்ஸ் ஸ்லிக் (காடியே இல்லாத வழுக்கை) டயர்காரர்களுக்காக வைத்தது. உங்கள் டயரில் ஆழமான காடிகள் உண்டு. உள்ளே போனால் அவை தண்ணீரை மொண்டுகொண்டு வரும். சக்கரம் சுழலும்போது அது மட்கார்டுக்குள் தெறிக்கும், நீங்கள் ஸ்டார்ட் லைனில் நிற்கும்போது சொட்டுச் சொட்டாக இறங்கும். உங்களுக்கும் பிடிப்பு போச்சு, பின்னால் வருகிறவனுக்கும் போச்சு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை. பாக்ஸைச் சுற்றிப் போங்கள், அதைத் தாண்டி நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போட்டு முன் சக்கரங்களை இரண்டு மூன்று நொடி சுழற்றுங்கள். டயரில் ஒட்டிய மண்ணும் பொடிக்கல்லும் உதிர்ந்தால் போதும். சாதாரண ரோட்டு டயரை அதற்கு மேல் சூடாக்கினால் ரப்பர் வழவழப்பாகி, முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் மோசமாகும். புகை வீடியோவுக்கு மட்டும்தான் நல்லது.

பலர் மறப்பது ஏசி. அதன் குழாய் வழியே சொட்டுகிற தண்ணீரும் தண்ணீர்தான். சென்னைப் புழுக்கத்தில் இங்கே சொட்டுவதைவிட இரண்டு மடங்கு சொட்டும். வரிசைக்குள் நுழைவதற்குக் கால் மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள், உள்ளே சேர்ந்திருப்பது வெளியே வடியட்டும்.

அடுத்தது நேரம். ஒரு ஜோடி ஓட ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு 40 ஜோடி ஓடும். ஒவ்வொரு ஜோடியும் அரை நிமிடம் தடவினால் 30 ஜோடிதான். அதாவது 20 பேருடைய ரன் காலி. உங்களுக்கு முன்னால் மூன்று ஜோடி இருக்கும்போதே ஹெல்மெட், பெல்ட், கண்ணாடி ஏற்றுவது, டிராக்ஷன் கண்ட்ரோல் அணைப்பது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வண்டியை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவே போகாதீர்கள். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) நம்ம ஊர் பஸ்ஸில் செல்லும், ஸ்டேஜிங் லேனில் செல்லாது.

ஸ்டேஜிங்: லைனில் இரண்டு ஒளிக்கதிர்கள், இடைவெளி 7 அங்குலம், கிட்டத்தட்ட 18 செ.மீ. முன் சக்கரம் முதல் கதிரை மறைத்தால் மேலே உள்ள பிரீ-ஸ்டேஜ் பல்பு எரியும். அங்கேயே நில்லுங்கள். பக்கத்து வண்டிக்கும் பிரீ-ஸ்டேஜ் எரிந்த பிறகுதான் யாராவது ஒருவர் முன்னால் நகர வேண்டும். அந்த ஒருவர் யாராக இருந்தாலும் சரி. மற்றவர் வருவதற்குள் இரண்டாவது பல்பையும் எரியவிட்டு உட்கார்ந்திருப்பதும் மரியாதை இல்லை, எதிராளி ஸ்டேஜ் ஆனபின் அவருடைய கிளட்ச் வேகட்டும், டர்போ சூடேறட்டும் என்று வேண்டுமென்றே காக்கவைப்பதும் மரியாதை இல்லை. இரண்டாவது விஷயத்துக்குத்தான் சண்டையே வரும்.

இரண்டாவது பல்பு எரிந்த நொடியில் பிரேக். கிளட்சைத் தேய்த்துக்கொண்டு ஊர வேண்டாம். சரிவு இல்லாத இடத்தில் கிளட்சை ஒரு நூல் விட்டு உடனே மிதித்தால் வண்டி தானாக உருண்டு வரும். உங்கள் ஓட்ட நேரம் பச்சை விளக்கிலிருந்து எண்ணப்படுவதில்லை, டயர் கதிரை விட்டு விலகும்போதுதான் தொடங்கும். பச்சை விழுந்து நீங்கள் கிளம்ப எடுக்கும் ரியாக்ஷன் டைம் தனிக் கணக்கு. ஆகவே வெறும் நேரம் பார்க்க வந்தவர் பச்சைக்காகப் பதறவேண்டியதில்லை. சாதாரண 'மரத்தில்' (ஸ்டார்ட் விளக்குக் கம்பம்) மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் இறங்கும். கடைசி மஞ்சளைப் பார்த்துக் கிளம்பினால் பழக்கமில்லாதவருக்குச் சரியாக வரும். பச்சைக்கு முன்பே கிளம்பிச் சிவப்பு விழுந்தாலும் நடுவில் நிறுத்தாதீர்கள், முழுதாக ஓடி முடியுங்கள்.

முடிவுக் கோட்டிலேயே பிரேக்கை மிதிப்பது ஆபத்து. கடைசி 66 அடியில்தான் வேகத்தை அளக்கிறார்கள், கோட்டைத் தாண்டிய பிறகு காலை எடுங்கள், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், உங்கள் லேனை விட்டு விலகாதீர்கள். வெளியேறும் வழி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து லேன் வண்டி முதலில் திரும்பும். தூரத்து லேன்காரர் அது போகும்வரை குறுக்கே வெட்டக்கூடாது. ஸ்டிரிப்பின் மேலேயே யூ-டர்ன் அடித்துத் திரும்பி வந்தால் அன்றைக்கு உங்கள் கதை முடிந்தது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். ஓடும்போது ஆயில் வாடையோ, கண்ணாடியில் நீராவியோ, கீழே ஏதோ அறுந்த சத்தமோ வந்தால் உடனே உங்கள் லேனின் வெளி ஓரத்துக்கு ஒதுங்கி நிறுத்துங்கள். "எப்படியாவது கோட்டைத் தாண்டிவிடுவோம்" என்று ஓட்டினால் 400 மீட்டருக்கும் ஆயில் கோலம். அதைச் சுத்தம் பண்ண ஆகும் நேரம் முழுக்க நூறு கண்கள் உங்கள் மேல்தான் இருக்கும்.

ரெண்டு_ஸ்ட்ரோக்_குரு எழுதியது:

கார் பத்தி அண்ணன் சொல்லிட்டார். ஆர்எக்ஸ்காரருக்கு நான் சொல்றேன் குரு.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 900 மீட்டர். இங்க கார்புரேட்டர் செட் பண்ணி அப்படியே கீழே இறக்கினா காத்து அடர்த்தியா இருக்கும். சென்னை வெயிலைக் கழிச்சாலும் 7, 8 சதவீதம் கூட. பெட்ரோல் அதே அளவுதான் வரும், கலவை லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது. முழு திராட்டில்ல 15, 16 நொடி போனா பிஸ்டன் சிக்கிக்கும், பின் சக்கரம் லாக் ஆகும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை உள்ள திருகு) ஒரு அளவு பெருசு, அதுக்கு அடுத்த அளவு ஒண்ணு, ரெண்டையும் கையில வச்சுக்கோங்க. பழைய ஜெட்டைத் துளை போட்டுப் பெருசாக்குற வேலை வேணாம். நம்ம ஊர் ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்லயே தேடினா கிடைக்கும்.

முதல் ரன் முடிஞ்சதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காப்பிப் பொடி நிறம்னா சரி. வெள்ளையா இருந்தா ஜெட் பத்தலை. ஆனா அதைப் பார்க்கணும்னு கோட்டைத் தாண்டின இடத்துலயே எஞ்சினை நிறுத்திட்டு உட்காரக்கூடாது. கிளட்சைப் பிடிச்சு, கில் ஸ்விட்சை அமுக்கி, உருண்டுகிட்டே வெளிவழிக்குள்ள போய் அப்புறம் கழட்டுங்க. பின்னாடி அடுத்த ஜோடி தயாரா நிக்குது. ஆயில் பம்ப்பைக் கழட்டியிருந்தா பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், அதாவது 25க்கு 1. செயின் தளர்வை 20-லிருந்து 30 மி.மீ.க்குள்ள வைங்க, ஆனா லைனுக்குப் போறதுக்கு முன்னாடி செயின்ல ஸ்ப்ரே அடிக்காதீங்க. அது பின் டயர்லயும் லேன்லயும்தான் விழும்.

பைக்குக்கும் வாட்டர் பாக்ஸ் வேணாம், அதே காரணம்தான்.

ஜாலஹள்ளி_பிட்_கேங் எழுதியது:

ஒரு பக்கக்குறிப்பு: தமிழில் எழுதினால் drag-உம் track-உம் ஒரே 'டிராக்' ஆகிவிடுகிறது, புதிதாக வருகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

பிட்டில் (வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) செய்யக்கூடாதவை கொஞ்சம் உண்டு. கழற்றிய போல்ட், அறுத்த டை, உடைந்த கிளிப் எதையும் தரையில் விடாதீர்கள், யாருடைய டயரிலாவது ஏறும். ஒரு தார்ப்பாய் விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். மேட், ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வண்டியிலிருந்து இறங்கி அதே தார்ப்பாய்க்குப் போகட்டும். பெடலுக்கு அடியில் உருண்ட பாட்டில் முடிவுக் கோட்டுக்கு அப்புறம் பிரேக்கை அடிக்க விடாது. பிட்டுக்குள் பர்ன்அவுட், ரெவ் லிமிட்டரில் பட்டாசு வெடிக்கிற மாதிரி கட் அடிப்பது, இரண்டுமே ஓட்டத் தெரியாதவனின் விளம்பரம். பக்கத்து ஆளிடம் "எவ்வளவு எச்பி?" என்று கேட்கலாம், அவர் பானெட்டுக்குள் கை வைக்கக்கூடாது. டார்க் ரெஞ்சும் காற்று பம்ப்பும் கடன் கேட்பதைக் குறைத்தால் நட்பு நீடிக்கும்.

போலோவில் வருவது வீல் போல்ட், நட் இல்லை. 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். முன் டயரில் 26-27 பிஎஸ்ஐ, பின்னால் 36. ஸ்டாக் டயரில் 24-க்குக் கீழே இறக்கினால் பக்கச்சுவர் நெளிந்து வண்டி அலையும். வீட்டுக்குத் திரும்பும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் 300 கி.மீ. இருக்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு தெரிந்தாலும் சரிபார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள், அதிகப்படி ஆயில் பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) வழியாகத்தான் வெளியே வரும்.

கேஆர்புரம்_டிஎஸ்ஐ எழுதியது:

நன்றி அண்ணா, எல்லோருக்கும். ஸ்விஃப்ட்காரன் டீப் ஸ்டேஜ் பண்ணினால் சீக்கிரம் கிளம்பலாம் என்கிறான். சரியா? இன்ஷூரன்ஸ் இதற்குச் செல்லுமா?

ஹலசூரு_402 எழுதியது:

டீப் என்றால் பிரீ-ஸ்டேஜ் பல்பு அணையும்வரை முன்னால் ஊருவது. ரியாக்ஷன் கொஞ்சம் குறையும், ஆனால் உருண்டு வேகமெடுக்கும் தூரம் போய்விடுவதால் ஓட்ட நேரம் கூடும், சிவப்பு விழும் வாய்ப்பும் கூடும். முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம். பண்ணியே தீருவேன் என்றால் ஸ்டார்ட்டரிடம் முன்பே சொல்லி, கண்ணாடியில் பெரிதாக "டீப்" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் எதிராளி எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் முழிப்பார்.

தனியார் கார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. அடிபட்டால் கைக்காசுதான். அதற்காக நைஸ் ரோடு மாதிரிப் பொதுச் சாலையில் பழகிப் பார்க்கலாம் என்று ஸ்விஃப்ட்காரர் சொன்னால், மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

ரெண்டு_ஸ்ட்ரோக்_குரு எழுதியது:

ஆர்எக்ஸை ஓட்டிக்கிட்டே போகாதீங்க குரு, டெம்போல ஏத்துங்க. ஏத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடுங்க, இல்லாட்டி வாலாஜா தாண்டறதுக்குள்ள கிராங்க் கேஸ்ல பெட்ரோல் நிரம்பியிருக்கும்.