இரும்புத்தாதுச் சுரங்கக் கழிவைத் தாரில் கலந்தால் விரிசல் தானே மூடுமா? (எம்.இ. பிராஜெக்ட்)

நெடுஞ்சாலை_மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. டிரான்ஸ்போர்ட்டேஷன் படிக்கிறேன். பிராஜெக்ட், விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் தார்ச்சாலை. நெதர்லாந்தில் ஏ58 நெடுஞ்சாலையில் 2010-ல் தாரோடு ஸ்டீல் வுல் (மெல்லிய எஃகு நார்) கலந்து போட்டு, மேலே இண்டக்‌ஷன் கருவியை ஓட்டிச் சூடாக்கினால் விரிசல் மூடும் என்று செய்து பார்த்தது தெரியும். எங்கள் கைடு ஸ்டீல் வுல் வேண்டாம் என்கிறார், விலையும் அதிகம், கலக்கும்போது பந்து பந்தாகத் திரண்டுகொள்ளும். அதற்குப் பதில் இரும்புத்தாதுச் சுரங்கக் கழிவைப் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கிப் பார் என்று சொல்லிவிட்டார். பெல்லாரியிலிருந்து டெய்லிங்ஸ் (தாதுவைப் பிரித்தெடுத்ததுபோக மிஞ்சும் கழிவு) கொண்டுவர ஆள் இருக்கிறது. எந்த இரும்புத்தாதுக் கழிவாக இருந்தாலும் சூடாகிவிடுமா? எவ்வளவு போட வேண்டும்? அப்புறம், இது ரோட்டில் நடக்கிற காரியம்தானா, இல்லை லேபோடு முடிகிறதா?

டுலூத்_குளிர்:

பெல்லாரி என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன் தம்பி. லாரி சொல்வதற்கு முன்னால் அந்தச் சாம்பிளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஹெமடைட். உங்களுக்கு வேண்டியது மேக்னடைட், காந்தத்தில் நன்றாக ஒட்டுகிற தாது. இரண்டிலும் இருப்பது இரும்பு ஆக்சைடுதான், ஆனால் மைக்ரோவேவை மேக்னடைட் பிடிக்கிற அளவுக்கு ஹெமடைட் பிடிக்காது. தாரும் அதைப் பெரிதாகப் பிடிக்காது, சுண்ணாம்புக்கல் ஜல்லியும் பிடிக்காது. ஆகவே சூடாவது மேக்னடைட் துகள், அது தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கிற தாரை இளக்கும், இளகிய தார் விரிசலுக்குள் இறங்கும். இவ்வளவுதான் தத்துவம், தானே ஆறும் என்பதெல்லாம் கொஞ்சம் விளம்பரம். யாராவது வந்து சூடு காட்ட வேண்டும்.

நான் இருப்பது மினசோட்டாவில். பக்கத்து மெசாபி மலைத்தொடரில் டாக்கனைட் என்ற தாது, 25 முதல் 30 சதவீதம் இரும்பு, அதில் பெரும்பகுதி மேக்னடைட். மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, 65 சதவீத உருண்டைகளாக்கி உருக்காலைக்கு அனுப்புவார்கள். ஒரு டன் உருண்டைக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன் கழிவு விழும். அதில் பருமனானதை இங்கே பல பத்தாண்டுகளாக ரோட்டுக்குப் போடுகிறார்கள், கெட்டியான, முனை மழுங்காத கல், டயர் நன்றாகப் பிடிக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தோடு சேர்ந்த இயற்கை வள ஆய்வு நிறுவனம் மேக்னடைட்டையும் மைக்ரோவேவையும் வைத்துக் குளிர்காலப் பள்ளங்களை அடைக்க முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் தாரையும் ஜல்லியையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட் மூடிக்கிடக்கும், பள்ளத்தில் போடுகிற கோல்டு மிக்ஸ் (சூடாக்காமல் போடும் கலவை) கொஞ்ச நாளில் பெயர்ந்து வந்துவிடும், அதனால்தான் இந்த ஆர்வம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கழிவு என்பதே காந்தம் எடுத்ததுபோக மிஞ்சியது. உங்களுக்கு எது வேண்டுமோ அதைத்தான் ஆலைக்காரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நன்றாகச் சூடாக வேண்டுமானால் மேக்னடைட் நிறைந்த பாறையையோ செறிவூட்டிய தாதுவையோ கூடச் சேர்த்தாக வேண்டும், அது கழிவு இல்லை, விலை உள்ள சரக்கு. தலைப்பில் சுரங்கக் கழிவு என்று போடும்போது அதில் எத்தனை பங்கு உண்மையில் கழிவு என்று கணக்குக் காட்டுங்கள், வைவாவில் இதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, எந்தச் சுரங்கம் என்பதும் முக்கியம். சில்வர் பே ஆலை 1955-லிருந்து 1980 வரை டாக்கனைட் கழிவைச் சுப்பீரியர் ஏரியில் கொட்டியது, நாளைக்கு 67,000 டன் வரை. 1973-ல் டுலூத்தின் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியான நார்கள் இருப்பது வெளியே வந்து பெரிய வழக்கானது. அந்த நார் மலைத்தொடரின் கிழக்குக் கோடிப் பாறையில்தான், மேற்கே கிடைப்பதில் இல்லை. ஒரே மலை, ஒரே தாது, கழிவு மட்டும் வேறு வேறு.

ஹாட்மிக்ஸ்_அண்ணாச்சி:

ஐயா சொன்னது சரிதான். நான் ரோடு போடுகிறவன், அந்தக் கணக்கில் பேசுகிறேன். நம்ம ஊரில் மே மாதம் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டிலேயே மயிரிழை விரிசல் கொஞ்சம் மூடத்தான் செய்யும், இதற்கு ஒரு மிஷின் வேண்டியதில்லை. நம்ம ரோடு சாவது தண்ணீராலும் ஓவர்லோடாலும், போட்ட மறு மாதம் கேபிளுக்குத் தோண்டுகிற புண்ணியவான்களாலும். அடியில் ஜிஎஸ்பி லேயர் (தாருக்குக் கீழே தண்ணீர் வடியப் போடும் ஜல்லிப் படுகை) இளகி, மேலே முதலைத் தோல் மாதிரி வெடித்துவிட்டால் நீங்கள் மைக்ரோவேவ் காட்டினாலும் ஒன்றும் ஆகாது, தாரில் இருக்கிற விரிசல்தான் மூடும், தரை மூடாது. குழியாகிவிட்ட இடத்துக்கும் இது மருந்து இல்லை, அங்கே ஜல்லியே போய்விட்டது.

அப்புறம் லாரி வாடகை. சாதாரண ஜல்லியின் ஒப்படர்த்தி 2.7, மேக்னடைட் 5.2. வண்டி பாதிதான் நிரம்பும், எடை முடிந்துவிடும். டெய்லிங்ஸ் என்று வருவதில் களிமண் மாதிரி நைஸான தூள் நிறைய இருந்தால் தாரை அதுவே குடித்துவிடும், மழைக்குத் தாரும் ஜல்லியும் பிரிந்து வரும். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே போடுகிற ரோடு, மேம்பாலத்து மேல்பரப்பு, இந்த மாதிரி இடங்களில் வேண்டுமானால் கட்டுப்படியாகலாம். கிராமத்து ரோட்டுக்கு இதை விற்க வராதீர்கள் தம்பி.

நெடுஞ்சாலை_மாணவன்:

இருவருக்கும் நன்றி. கைடிடம் சொன்னேன், அப்படியானால் கஞ்சமலையில் மேக்னடைட் இருக்கிறதே, சேலம்தானே, அங்கே பார் என்கிறார். கர்நாடகத்தின் குதிரேமுக் பெயரும் வந்தது.

தார்_லேப்_அக்கா:

கஞ்சமலையில் தாது இருக்கிறது, ஆனால் பெரிய சுரங்கம் ஓடவில்லை, அதனால் கழிவும் இல்லை. கழிவைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு மலையைத் தோண்டக் கூடாது. குதிரேமுக்கில் இருந்தது மேக்னடைட்தான், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2005 கடைசியோடு சுரங்கம் நின்றது, லக்யா அணையில் டெய்லிங்ஸ் தேங்கிக் கிடக்கிறது. ஆனால் சுற்றிலும் தேசியப் பூங்கா, ஒரு மாணவர் பிராஜெக்ட்டுக்காக அனுமதி வாங்கி முடிப்பதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும்.

நிலக்கரியைச் சுத்தம் செய்யும் வாஷரிகளில் கல்லையும் கரியையும் பிரிக்க மேக்னடைட் தூளைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துவார்கள், அந்தத் தூள் விலைக்குக் கிடைக்கும். அதையும் உங்கள் பெல்லாரி சாம்பிளையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, எவ்வளவு மேக்னடைட் இருந்தால் எவ்வளவு சூடு என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டால் போதும். நாளைக்கு யார் எந்தக் கழிவைக் கொண்டுவந்தாலும் அதில் வைத்துப் பார்க்கலாம். ஃபில்லரை (ஜல்லியோடு சேர்க்கும் நைஸான தூள்) மாற்றும்போது எடைக்கு எடை மாற்றாதீர்கள், கன அளவுக்கு மாற்றுங்கள், அண்ணாச்சி சொன்ன 5.2 இங்கேதான் உதைக்கும்.

நிறைய தீசிஸில் விட்டுப்போகிற ஒன்று கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை. தார்க் கலவையின் அரைவட்டத் துண்டைக் குளிரவைத்து உடைத்து, மைக்ரோவேவில் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி உடைத்து, பழைய பலத்தில் எத்தனை சதவீதம் திரும்பியது என்று பார்ப்பீர்கள். அதே கலவையில் இன்னொரு துண்டைச் சாதாரண அவனில் அதே வெப்பத்துக்குக் கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். அதுவும் அதே அளவு ஆறினால், ஆற்றியது சூடுதான், மேக்னடைட் செய்தது அந்தச் சூட்டைச் சீக்கிரம் உள்ளே கொண்டுபோனது மட்டும். அப்போது நீங்கள் ஒப்பிட வேண்டியது நேரத்தையும் மின்சாரத்தையும். மேல்பரப்பை இன்ஃப்ராரெட் கேமராவில் பாருங்கள், துகள் சரியாகப் பரவாத இடம் தனியாகத் தெரியும். நூறு டிகிரிக்கு மேல் ரொம்ப விடாதீர்கள், தார் வழிந்து கீழே இறங்கும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உடைத்து ஆற்றும்போது ஒவ்வொரு முறையும் பலம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் தாரைப் பிரித்தெடுத்து பெனட்ரேஷன் (தாரில் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்ற சோதனை) பார்த்தால் எவ்வளவு கிழடு தட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். செம்புக் கழிவுக்குப் போகிறதாக இருந்தால் ஆர்செனிக் கசிகிறதா என்ற சோதனையை முதலில் முடியுங்கள்.

ஹாஸ்டல் மெஸ் மைக்ரோவேவைத் தொடாதீர்கள், தனியாகப் பழையது ஒன்று வாங்கிவிடுங்கள்.

நெடுஞ்சாலை_மாணவன்:

காந்தம் வைத்துப் பார்த்தேன் அக்கா. பெல்லாரி சாம்பிளில் நாலைந்து துகள்தான் ஒட்டியது. வாஷரி மேக்னடைட்டுக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஹாட்மிக்ஸ்_அண்ணாச்சி:

ஜல்லியும் விஜி-30 தாரும் வேண்டுமானால் நம்ம பிளான்ட்டுக்கு வாங்க தம்பி, பிராஜெக்ட்டுக்குக் காசு வேண்டாம். வாளி மட்டும் நீங்கள் கொண்டுவரணும்.